மாண்டதை எழுப்புவோருக்கு ஊவாவிலிருந்து ஒரு வாழ்த்து

அழிந்துபோன விலங்குகளை உயிரோடு எழுப்பித் தருகிறோம் என்கிறார்கள் அமெரிக்காவின் டலஸ் நகரில். ஊர் உலகமெல்லாம் கைதட்டுகிறது. பதுளையிலிருந்து நானும் தட்டுகிறேன். அந்த வேலையை மெச்சுவதற்கு எங்களைவிட உரிமை உள்ளவர்கள் குறைவு. எழுப்ப வேண்டியவை எங்கள் மலைகளில் ஏராளம். அவற்றைச் சாய்த்தவர்களையும் நாங்கள் ஒரு குறையுமின்றிப் போற்றித்தான் வந்திருக்கிறோம்.

முதல் மரியாதை மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸுக்கு. இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்தவர், பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி. ஊவாவில் பாதை போட்டவர். வழக்குக் கேட்பதிலும் வரி சேர்ப்பதிலும் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். இத்தனை வேலைக்கு நடுவிலும் 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட நேரம் கண்டுபிடித்தார். எமர்சன் டெனன்ட் 1859-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கைப் பதிந்திருக்கிறார். அக்காலத் துப்பாக்கியை ஒவ்வொரு வெடிக்கும் வாய்வழியாக மருந்து கிட்டித்துத்தான் நிரப்ப வேண்டும். குறி தவறினால் யானை விடாது. அப்படியொரு கருவியை வைத்துக்கொண்டு 1,400. அவருடைய துணிச்சலை யாராலும் குறை சொல்ல முடியாது.

பிரஷ்ய இளவரசர் வால்டமாருடன் இலங்கைக்கு வந்த ஹொஃப்மைஸ்டர் என்ற மருத்துவர் ரோஜர்ஸின் வீட்டைப் பார்த்துவிட்டு எழுதி வைத்திருக்கிறார். விறாந்தையின் வாசல்தோறும் பெரிய தந்தங்கள் நின்றன. சாப்பாட்டு அறையின் மூலைகளிலும் அவைதாம். கொன்ற யானைகளில் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவைக்குத்தான் தந்தம் இருந்ததாம். இலங்கை யானைகளில் தந்தமுள்ள கொம்பன்கள் அரிது. ஆகவே மிச்சம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சமும் காசுக்காகச் சுடப்பட்டவை என்று சொல்ல வழியில்லை. பேராசைப் பழி அந்த மனிதர்மேல் ஒட்டாது. பயிரைக் காக்கவும் பொழுதைப் போக்கவும் சுட்டார்.

1845 ஜூன் 7 அன்று அப்புத்தளையில் இடிமழை. மழை ஓய்ந்ததா என்று பார்க்க விறாந்தைக்கு வந்தவர், ஓய்ந்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்களிடம் சொல்லி வாய் மூடுமுன் மின்னல் தாக்கி இறந்தார் என்பார்கள். நுவரெலியாவில் அவரைப் புதைத்தார்கள். அந்தக் கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்று இன்றும் பேச்சு உண்டு. பதுளை நகரின் நடுவில் நிற்கும் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதுதான். எல்லா வகுப்பாரும் காசு போட்டுக் கட்டினார்கள் என்று உள்ளே பலகை சொல்கிறது. 1,400 யானைகளுக்கு ஒரு கல்கூட இல்லை. அவற்றுக்காகக் காசு சேர்க்க எந்த வகுப்பாரும் முன்வரவில்லை.

அரசாங்கத்தையும் வாழ்த்த வேண்டும். யானை வாலைக் கொண்டுவந்து காட்டியவனுக்குத் தட்டாமல் சன்மானம் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் மூன்றே ஆண்டுகளில் 3,500 யானைகளுக்குச் சன்மானம் வழங்கியிருக்கிறார்கள். தோட்டத்தில் நாள் முழுக்க முதுகு வளைத்தவர்களின் சம்பளத்தில் அவ்வளவு நேர்மை இருந்ததில்லை.

அடுத்து தோட்டத் துரைமார். காடு அழிப்பதில் அவர்கள் கடைப்பிடித்த முறை, கணக்கு தெரிந்த எவரையும் வியக்க வைக்கும். சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டிக்கொண்டே மேலேறுவார்கள். எதுவும் விழாது. காடு காடாகவே நிற்கும். உச்சிக்குப் போனதும் மேல்வரிசை மரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழே நிற்பவற்றின் மேல் விழ, அவை அதற்குக் கீழ் நிற்பவற்றின் மேல் விழ, மலையின் ஒரு முகமே ஒரே மூச்சில் சரிந்து இறங்கும். ஒரு கோடரி வெட்டுக்கூட வீணாகாது. கொஞ்ச நாள் வெயிலில் காயவிட்டுத் தீ வைத்தால் கோப்பிக்கு நிலம் தயார். பல நூறு ஆண்டு நின்ற காடு சில வாரங்களில் சாம்பல். அதற்குள் எத்தனை வகை உயிர் இருந்தது என்று எண்ண ஒருவரும் காலம் விரயம் செய்யவில்லை. சிக்கனம் என்றால் அதுதான் சிக்கனம்.

அந்தச் சாம்பலில் குழி வெட்டத்தான் எங்கள் பாட்டன் பூட்டன்மார் கடல் தாண்டி, மன்னாரில் கரையேறி, காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் நட்ட கோப்பியும் நிலைக்கவில்லை. 1869-இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் இலையின் அடியில் மஞ்சள் பொடி தெரிந்தது. அந்தப் பூஞ்சணம் இருபது ஆண்டுக்குள் நாடு முழுவதும் கோப்பியைத் துடைத்துவிட்டது. ஒரே செடியை மலைக்கு மலை நட்டால் ஒரே நோய் போதும் என்று அது சொல்லிக் கொடுத்தது. பாடம் கேட்டவர்கள் உடனே கோப்பியைப் பிடுங்கிவிட்டு, மலைக்கு மலை மறுபடி ஒரே செடியை, தேயிலையை, நட்டார்கள். 1890-இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். அவர் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு இன்று வெள்ளைக்காரரும் சீனரும் அதிகாலையில் ஏறுகிறார்கள். பனி விலகியதும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மட்டம் வெட்டின ஒரே பச்சை. இயற்கை அழகு என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். இயற்கையை இவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டு அதே இடத்தில் இயற்கை என்று பெயர் வாங்குவதற்கு அசாத்தியத் திறமை வேண்டும்.

அந்தக் காட்டின் தரையில் இருந்தவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். இலங்கை மலைகளில் புதர்த் தவளைகள் என்றொரு பெரிய கூட்டம் உண்டு. பலதும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. இவற்றுக்குக் குளம் வேண்டாம், ஓடை வேண்டாம். பெரும்பாலானவற்றில் தாய்த் தவளை மக்கிய சருகுக்கடியில் மண்ணைக் கிளறிச் சின்னக் குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போகும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, முழுத் தவளையாக வெளியே வரும். அதற்கு வேண்டியது ஈரம் குறையாத மண்ணும் சருகும் மேலே நிழலும். கான் வெட்டி, புல் செதுக்கி, கவ்வாத்து வெட்டி, வெயில் நேரே தரையில் விழும் தேயிலை நிறையில் அந்தக் குழி ஒரு பகல் தாங்காது.

உலகச் சிவப்புப் பட்டியலில் அற்றுப்போனவை என்று குறிக்கப்பட்ட நீர்நில வாழ்விகளில் ஏறக்குறைய பாதி இலங்கையுடையவை. இத்தனை சிறிய தீவு இந்தத் துறையில் உலகத்துக்கே முன்னால் நிற்கிறது. அதற்காக உழைத்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லாதது பெரிய குறை.

ஆனாலும் அருங்காட்சியகங்களை மறக்கக் கூடாது. லண்டனிலும் பேர்லினிலும் அந்தத் தவளைகள் சாராயப் போத்தல்களில் பத்திரமாக இருக்கின்றன. ரம்பொடையில் 19-ஆம் நூற்றாண்டில் பிடித்த ஒரு பெண் தவளை லண்டனில் இருக்கிறது. அதன் வயிற்றுக்கு அடியில் முட்டைகள் ஒட்டியபடியே இருக்கின்றன. மண்ணில் புதைக்காமல் முட்டையை வயிற்றோடு சுமந்த இன்னொரு புதர்த் தவளை இலங்கையில் அறியப்படவில்லை. அதற்கு 2007-இல்தான் பெயர் வைத்தார்கள்: தாயைக் குறிக்கும் பெயர், மாயா. ஒரு நூற்றாண்டுக்கு மேல் போத்தலுக்குள் பெயரில்லாமல் காத்திருந்தது. பெயர் வந்தபோது அந்த இனம் பூமியில் எங்கும் இல்லை. பிறக்காத பிள்ளைகளோடு ஒரு தாயை இத்தனை காலம் ஒரு கீறல் படாமல் பாதுகாத்த கைகளை வணங்கத்தான் வேண்டும். அது வாழ்ந்த சரிவையும் அதே கவனத்தோடு ஒரு ஏக்கர் பாதுகாத்திருந்தால் போத்தலே தேவைப்பட்டிருக்காது.

இப்போது உயிர் கொடுப்பவர்களிடம் வருகிறேன். குளோனிங் எளிய வேலை இல்லை. அழிந்த விலங்கின் கலத்திலிருந்து உட்கருவை எடுக்க வேண்டும். கிட்டத்து உறவான இன்னொரு விலங்கின் முட்டையிலிருந்து அதன் உட்கருவை நீக்கிவிட்டு இதை உள்ளே வைக்க வேண்டும். அது வளரத் தொடங்கினால் ஒரு வாடகைத் தாயின் கருப்பையில் சேர்க்க வேண்டும். ஸ்பெயினின் பிரெனீஸ் மலை ஆட்டில் கடைசியாக எஞ்சிய சீலியா, 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது. முன்கூட்டியே அதன் தோலில் துணுக்கு எடுத்து உறைய வைத்திருந்தார்கள். 2003 ஜூலை 30 அன்று அதன் குளோன் பிறந்தது. நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் மூச்சு நின்றது. ஒரே இனத்தை இரண்டு தடவை அற்றுப்போக வைத்த பெருமை மனித குலத்துக்கு அன்றுதான் கிட்டியது.

அவுஸ்திரேலியாவில் வயிற்றுக்குள் குஞ்சு வளர்க்கும் தவளை ஒன்று இருந்து 1980-களில் மறைந்தது. 1970-களிலிருந்து உறைபெட்டியில் கிடந்த அதன் திசுவை எடுத்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக் ஆர்ச்சர் குழுவினர் முயன்றார்கள். கருக்கள் சில நாள் வளர்ந்து நின்றுபோயின என்று 2013-இல் அறிவித்தார்கள். மாயாவுக்கு அந்தச் சில நாளும் கிடையாது. உறைபெட்டி தொடாத, சாராயத்தில் ஊறிய உடலில் குளோனிங்குக்கு உதவும் கலம் எதுவும் மிஞ்சியிருக்காது.

டலஸ் நகரத்துக் கொலோசல் நிறுவனம் 2025 ஏப்ரலில் டயர் ஓநாயை மீட்டுவிட்டதாக அறிவித்தது. 13,000 ஆண்டுப் பழைய பல்லிலிருந்தும் 72,000 ஆண்டுப் பழைய மண்டையோட்டிலிருந்தும் மரபணுவைப் படித்திருக்கிறார்கள். இது மெய்யான சாதனை, பாராட்டில் நான் கஞ்சத்தனம் காட்டமாட்டேன். பின்பு சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 திருத்தம் செய்தார்கள். மூன்று குட்டிகள். அவை 20 திருத்தம் செய்த சாம்பல் ஓநாய்கள்தாம் என்று அந்த நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியே பிறகு ஒப்புக்கொண்டார். இப்படி ஒத்துக்கொள்ளும் மனம் எத்தனை பேருக்கு வரும்? அதற்குள் நிறுவனத்தின் மதிப்பு ஆயிரம் கோடி டொலரைத் தாண்டியிருந்தது.

அந்த மூன்று குட்டிகளுக்கு 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட வேலியிட்ட நிலம். மருத்துவர், காவல், கமரா எல்லாம் உண்டு. இதில் நான் குறை காணவில்லை. ஓர் உயிரைக் கொண்டுவருகிறவர்கள் அது வாழ இடம் கொடுக்க வேண்டும் என்ற அறிவு அவர்களுக்கு இருக்கிறது. எங்களைக் கொண்டுவந்தவர்களுக்கு அது இருக்கவில்லை. பசறையிலும் பூணாகலையிலும் லயத்துக் காம்பிராவின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் மூன்று தலைமுறை ஒன்றாகப் படுக்கிறது. இருநூறு ஆண்டு ஆகியும் வீட்டுக்கு வேண்டிய சில பேர்ச் நிலத்துக்கு உறுதி கேட்டுக்கொண்டிருக்கிறோம். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்கடியில் போனவர்களில் பலரை இன்றுவரை எடுக்கவில்லை. அந்தச் சரிவை அதற்கு முன் கட்டிப் பிடித்திருந்தது காடு.

இனி எங்கள் நாட்டுக்கு எதை எழுப்பித் தருவார்கள்? காட்டுமாட்டைச் சொல்லலாம். கண்டி அரசரின் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681-இல் வெளிவந்த நூலில் இந்த விலங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறகு தீவில் அது இல்லாமல் போயிற்று. அருகிவரும் விலங்கு ஒன்றைக் குளோன் செய்து உயிரோடு பிறக்க வைத்த முதல் முயற்சியும் இதே இனத்தில்தான் நடந்தது. 2001 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் அயோவாவில் ஒரு பசு காட்டுமாட்டுக் கன்றை ஈன்றது. நோவா என்று பெயர் வைத்தார்கள். 692 முட்டைகளில் தொடங்கி ஒரே கன்று. வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாளில் செத்தது. இத்தனை பாடு எதற்கு? நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைக்குள்ளேயே காட்டுமாடு மேய்கிறதே. இந்தியாவிடம் ஆறு காட்டுமாடு கேட்டு 2022-இல் இலங்கை கடிதம் எழுதியது. மாடு கிடைக்கும். அது நின்று மேயக் காடு எங்கே என்பதுதான் கேள்வி. இந்தியாவும் சீத்தாவைக் குளோன் செய்து மீட்க ஹைதராபாத்தில் திட்டமிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் 2022-இல் நமீபியாவிலிருந்து உயிரோடு கொண்டுவந்தது.

ஒரு நாள் ஊவாவில் காட்டுமாட்டை விட முடிவெடுத்தால், இடம் ஒதுக்கும் கடிதம் தோட்டக் கொம்பனிக்குப் போகாது. எழும்பிப் போ என்ற உத்தரவு முதலில் லயத்துக்குத்தான் வரும் என்பது எங்களுக்குத் தெரியும்.

ரோஜர்ஸ் சாய்த்த யானையைக் குளோன் செய்யத் தேவையே இல்லை. வெல்லவாயாவிலும் புத்தளையிலும் அது உயிரோடு நிற்கிறது, அப்புத்தளை மலைக்குத் திரும்பி ஏற வழியில்லாமல். நாடு முழுக்க 2023-இல் மட்டும் 450-க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. துப்பாக்கி, மின்கம்பி, பன்றிக்கு வைத்த வெடி. சன்மானம் இல்லாமலே இத்தனை.

எந்த ஒளிவும் இல்லாமல் நான் புகழ நினைப்பது ஸ்ரீபாத மலைக்காட்டை விட்டுவைத்தவர்களை. யாத்திரைக்குரிய மலை என்று கோடரி அங்கே முழுசாகப் போகவில்லை. 1853-இல் கெலார்ட் என்ற இராணுவ மருத்துவர் நுவரெலியாவில் கண்டு எழுதிய ஒரு புதர்த் தவளை, அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போனது என்று பட்டியலில் எழுதிவிட்டார்கள். 2009-இல் ஸ்ரீபாதக் காட்டில் அது இலைமேல் உட்கார்ந்திருந்தது. பச்சை உடலில் இளஞ்சிவப்பு விளிம்பிட்ட வெள்ளைப் புள்ளிகள். அதை எழுப்ப ஆயிரம் கோடி டொலர் தேவைப்படவில்லை. ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கும் அப்படித்தான். 1939-க்குப் பிறகு தொலைந்தது என்று நினைத்திருந்தார்கள். 2009-இல் அதைப் பிடித்துப் படமெடுத்துவிட்டு மறுபடி மரத்தில் விட்டார்கள். இந்த இரண்டுக்கும் உயிர் கொடுத்தது மிஞ்சிய காடுதான்.

ஊவாவிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நமுனுகுலை உச்சியில், ஓஹியாவிலிருந்து அப்புத்தளைக்கு வரும் முகட்டில், தோட்டங்களுக்கு நடுவே ஓடைக் கரைகளில். சிறுத்தை இன்னும் அந்தத் துண்டுகளுக்கு நடுவே இரவில் தேயிலை வழியாக நடக்கிறது. எங்கள் ஆட்கள் அதைப் புலி என்பார்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் அதன் இடுப்பு மாட்டும். இழுக்க இழுக்க இறுகும். 2020 மேயில் லக்சபான தோட்டத்தில் அப்படி மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மே 29 அன்று அது செத்தது. அந்த நிறத்தில் சிறுத்தை இத்தீவில் தப்பித்தவறித்தான் கண்ணில் படும்.

ஆகவே, மாண்டதை எழுப்புகிற மேலோரே, உங்கள் கை ராசியான கை. 72,000 ஆண்டுப் பழைய எலும்புக்குச் செலவழிக்கும் மனம் படைத்தவர்கள் நீங்கள். அதில் ஒரு சிறு பங்கை இந்தப் பக்கம் திருப்புங்கள். கம்பி எங்கே கட்டப்படுகிறது, பன்றி எந்த வழி வருகிறது, எந்தப் பீலி இன்னும் வற்றவில்லை என்பதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. படித்துவிட்டு வேலையில்லாமல் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, கம்பி அறுக்கவும் ஓடைக்கரையில் காட்டு மரம் நட்டுத் துண்டு துண்டான காட்டைச் சேர்க்கவும் விடுங்கள். கொம்பனிகளிடம் பேசி, கொழுந்து கிடைக்காமல் மானாப் புல் ஏறிக் கிடக்கும் சரிவுகளை அதற்கு வாங்கிக் கொடுங்கள். வரும்போது லயத்துக் குடும்பங்களுக்கு அவர்கள் குடியிருக்கும் நிலத்தின் உறுதியையும் கையோடு கொண்டு வாருங்கள். இரண்டும் ஒரே மலையில், ஒரே துரைத்தன வரைபடத்தில்தான் கிடக்கின்றன.